எரித்தற்கரிய திண்ம எரிபொருட்களுக்கான உலை வடிவமைப்பு

எரித்தற்கரிய திண்ம எரிபொருட்களுக்கான உலை வடிவமைப்பு என்பது, ஈரம் மிகுந்த, சாம்பல் மிகுந்த, எளிதில் தீப்பற்றாத, அல்லது எரியும்போது சாம்பல் உருகிக் கட்டியாகும் இயல்புடைய திண்ம எரிபொருட்களை முழுமையாகவும் தடையின்றியும் எரிக்கத்தக்க எரியறைகளை அமைப்பது பற்றிய வெப்பப் பொறியியலின் ஒரு பிரிவாகும். பழுப்பு நிலக்கரி, சாம்பல் மிகுந்த நிலக்கரி, அனல்மலி நிலக்கரி எனப்படும் ஆந்திரசைட்டு, எண்ணெய்க் களிப்பாறை, கரும்புச் சக்கை, உமி, வைக்கோல், மரத்தூள், நகரக் குப்பை ஆகியவை இவ்வகை எரிபொருட்களுள் முதன்மையானவை.

நல்ல நிலக்கரியோ உலர்ந்த விறகோ எந்த உலையிலும் ஓரளவு எரிந்துவிடும். ஆனால் மேற்கூறிய எரிபொருட்கள் அவ்வாறு எரிவதில்லை. ஒன்றுக்கென அமைக்கப்பட்ட உலையில் மற்றொன்றை இட்டால் தீ அணைந்துபோகலாம், கரும்புகை எழலாம், குழாய்கள் அரிக்கப்படலாம், உலை வெடிக்கவும் கூடும். ஆகவே இத்துறையில் எரிபொருளின் இயல்பை முதலில் அறிந்து, அதற்கேற்ப உலையை அமைப்பதே முறையாகும்.

எரிதலின் படிநிலைகள்

திண்ம எரிபொருள் உலையினுள் புகுந்தது முதல் சாம்பலாவது வரை நான்கு படிநிலைகளைக் கடக்கின்றது.

1. உலர்தல்: எரிபொருளில் உள்ள நீர் ஆவியாகி வெளியேறுகின்றது. இது வெப்பத்தை உட்கொள்ளும் நிகழ்வாகும்.
2. வாயு வெளியேறல்: வெப்பநிலை மேலும் உயரும்போது எரிபொருள் சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களும் தார் ஆவிகளும் வெளிவருகின்றன. இவை ஆவியாகும் பொருட்கள் எனப்படும்.
3. வாயு எரிதல்: வெளிவந்த வாயுக்கள் காற்றுடன் கலந்து சுடராக எரிகின்றன.
4. கரி எரிதல்: எஞ்சிய நிலைக்கரிமம் தன் மேற்பரப்பில் ஆக்சிசனுடன் வினைபுரிந்து, சுடரின்றிக் கனன்று எரிகின்றது. இதுவே நான்கினுள் பெரும்பாலும் மிக மெதுவானது.

எரிபொருளுக்கு எரிபொருள் இப்படிநிலைகளின் பங்கு வேறுபடும். உலர்ந்த நிலையில் மரம், சக்கை, உமி போன்ற தாவரப் பொருட்களின் எடையில் பெரும்பகுதி ஆவியாகும் பொருட்களே. எனவே அவற்றின் வெப்பத்தில் பெரும்பங்கு எரிபொருட் படுகைக்கு மேலுள்ள வெளியிலேயே வெளிப்படுகின்றது. காற்றின் ஒரு பகுதியையும் அங்கேயே செலுத்த வேண்டும். மாறாக ஆந்திரசைட்டில் ஆவியாகும் பொருட்கள் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. அது தீப்பற்றுவது கடினம். பற்றிய பின்னரும் கரி எரிந்து முடிய நீண்ட நேரம் தேவைப்படும்.

முழுமையான எரிதலுக்கு வேண்டியவை மூன்று: போதிய வெப்பநிலை, போதிய நேரம், காற்றும் எரிபொருளும் நன்கு கலத்தல். உலை வடிவமைப்பாளர் செய்வன அனைத்தும் இம்மூன்றையும் பெறுவதற்கான வழிகளே எனலாம்.

இடர் தரும் இயல்புகள்

ஈரம்

நெய்வேலியில் அகழப்படும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி நீராகும். சாறு பிழிந்த கரும்புச் சக்கையிலும் ஏறத்தாழ 50 விழுக்காடு நீர் உள்ளது. ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் தேவை. எனவே இத்தகைய எரிபொருள் ஒரு கிலோகிராம் எரியும்போது, அதிலுள்ள அரைக் கிலோகிராம் நீரை ஆவியாக்கவே ஏறத்தாழ 290 கிலோகலோரி செலவாகின்றது. நெய்வேலி நிலக்கரியின் கலோரி மதிப்பு கிலோகிராமுக்கு 2,700 கிலோகலோரிக்கு அண்மையில் உள்ளதால், பத்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட வெப்பம் நீராவியுடன் புகைபோக்கி வழியே போய்விடுகின்றது.

இழப்பைவிடப் பெரிய இடர் வேறொன்று உண்டு. இந்நீராவி உலையினுள் உள்ள வாயுக்களுடன் கலந்து சுடரின் வெப்பநிலையைக் குறைக்கின்றது. ஈரம் ஓர் எல்லையைத் தாண்டினால், எரிபொருள் தரும் வெப்பம் அடுத்து வரும் எரிபொருளை உலர்த்தவே போதாமல் தீ தானாக அணைந்துவிடும்.

சாம்பல்

இந்திய அனல்மின் நிலையங்களில் பயன்படும் உள்நாட்டு நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 விழுக்காடு வரை இருப்பது வழக்கம். உமியில் இது 15 முதல் 20 விழுக்காடு வரை உள்ளது. எசுத்தோனியாவில் எரிக்கப்படும் எண்ணெய்க் களிப்பாறையில் ஏறத்தாழ பாதி சாம்பலே. இவ்வளவு சாம்பலை உலையிலிருந்து இடைவிடாது வெளியேற்ற வேண்டும். மேலும், எரியும் துணுக்கைச் சுற்றிச் சாம்பல் உறைபோல் படிந்து ஆக்சிசன் உட்செல்வதைத் தடுப்பதால், உள்ளே எரியாத கரி தங்கிவிடுவதும் உண்டு.

உமிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்காவாகும். இது வாயுவுடன் விரைந்து செல்லும்போது கொதிகலன் குழாய்களை மணற்தாள் போலத் தேய்த்துவிடும். ஆகவே உமி உலைகளில் வாயுவின் வேகம் தாழ்வாகவே வைக்கப்படுகின்றது.

சாம்பல் உருகுதல்

சாம்பலின் அளவைப் போலவே அதன் வேதியியலும் முதன்மையானது. சிலிக்காவும் அலுமினாவும் மிகுந்த இந்திய நிலக்கரிச் சாம்பல் பொதுவாக உயர் வெப்பநிலையிலேயே இளகும். ஆனால் வைக்கோல் போன்ற விளைநிலக் கழிவுகளில் பொட்டாசியமும் குளோரினும் மிகுந்திருப்பதால் அவற்றின் சாம்பல் 800 அல்லது 900 °செ அளவிலேயே இளகத் தொடங்கக்கூடும். இளகிய சாம்பல் எரிதட்டின் மீது பாளமாக இறுகும், குழாய்களில் ஒட்டிக்கொள்ளும். உலைத் தொழிலாளர் இவ்வாறு இறுகிய கட்டியைக் கிளிங்கர் என்பர். பொட்டாசியம் குளோரைடு குழாய்களின் மீது படிந்தால் உலோகமும் அரிக்கப்படும். இதனால் வைக்கோல் எரிக்கும் கொதிகலன்களில் நீராவியின் வெப்பநிலையை நிலக்கரிக் கொதிகலன்களில் உள்ள அளவுக்கு உயர்த்துவது கடினம்.

அளவும் அடர்த்தியும்

உமி, சக்கை போன்றவை மிக இலேசானவை. ஒரு கன மீட்டர் உமியின் எடை ஏறத்தாழ 100 கிலோகிராம் மட்டுமே. இவற்றைச் சேமிக்கவும், சீராக உலைக்குள் ஊட்டவும் பெரிய இடமும் தனிக் கருவிகளும் தேவை. நகரக் குப்பையிலோ ஒவ்வொரு நாளும் ஈரமும் கலவையும் மாறுகின்றன.

ஓர் எளிய எடுத்துக்காட்டு: மரத்தூள் அடுப்பு

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீடுகளில் பயன்பட்டுவந்த மரத்தூள் அடுப்பு, இத்துறையின் அடிப்படைகளைத் தெளிவாகக் காட்டுவதாகும். தகரக் கொள்கலம் ஒன்றின் அடிப்பக்கத்தில் ஒரு துளை இடப்படும். நடுவில் ஒரு புட்டியையோ உருளைக் கட்டையையோ நிறுத்தி, பக்கத் துளையிலிருந்து அதன் அடிவரை மற்றொரு கட்டையைச் செருகி, சுற்றிலும் மரத்தூளை அல்லது உமியை இறுக அடைப்பர். பின்னர் இரண்டையும் மெதுவாக உருவி எடுத்தால், பக்கத்தில் தொடங்கி நடுவில் மேலெழும் ஒரு வழி உண்டாகும். அடியில் தீ மூட்டினால் நடுத்துளையின் சுவர் மட்டும் எரிந்து, தீ மெல்ல மெல்ல வெளிநோக்கிப் பரவும்.

மரத்தூளைக் குவித்துத் தீ வைத்தால் காற்று உட்புகாமல் புகைந்துகொண்டே இருக்கும். கிளறிவிட்டால் திடீரெனப் பற்றி எரிந்து அடங்கிவிடும். இவ்வடுப்பிலோ எரியும் பரப்பு வரையறுக்கப்பட்டுள்ளது. காற்றுக்குத் தனி வழி உள்ளது. சூடான நடுத்துளையே சிறு புகைபோக்கியாகிக் காற்றை இழுக்கின்றது. வெளிவரும் வாயு சூடான சுவர்களுக்கு இடையே எரிந்து முடிகின்றது. பெரிய உலைகளும் இதே பணிகளை வேறு வழிகளில் செய்கின்றன.

உலை வகைகள்

குவியல் உலைகள்

கொதிகலனுக்கு முன்புறம், தீச்செங்கல்லால் கட்டிய தனி அறையில் எரிபொருளை மேலிருந்து கூம்பு வடிவக் குவியலாக விழச்செய்து எரிப்பது பழைய முறையாகும். இது டச்சு அடுப்பு எனப்பட்டது. சர்க்கரை ஆலைகளில் சக்கையை எரிக்க இலாட வடிவ உலைகள் பயன்பட்டன. குளிர்ந்த நீர்க்குழாய்கள் அருகில் இல்லாததால் செங்கற்சுவர்கள் செந்நிறமாகக் காய்ந்து, தம் கதிர்வீச்சினால் ஈரமான எரிபொருளை உலர்த்தின. எரிபொருள் குவிந்திருப்பதால் ஈரத்தில் ஏற்படும் சிறு மாற்றங்கள் தீயைப் பாதிப்பதில்லை.

எனினும் இவ்வுலைகளில் நீராவியின் தேவை கூடும்போதும் குறையும்போதும் தீயை விரைவில் மாற்ற இயலாது. சாம்பலை அகற்ற அவ்வப்போது தீயை நிறுத்த வேண்டும். செங்கற்களும் அடிக்கடி பழுதடையும். இக்காரணங்களால் புதிய ஆலைகளில் இவை கைவிடப்பட்டன.

எரிதட்டு உலைகள்

எரிதட்டு என்பது எரிபொருளைத் தாங்கி, கீழிருந்து காற்றை விடும் இடைவெளிகள் கொண்ட தளமாகும். இதன் வகைகள் பின்வருமாறு:

* படி எரிதட்டு: படிக்கட்டுப் போன்று சரிந்த தளத்தில் எரிபொருள் மெல்ல இறங்கும். மேற்படிகளில் உலர்ந்து, நடுவில் எரிந்து, அடியில் சாம்பலாகும்.
* நகரும் எரிதட்டு: முடிவிலாச் சங்கிலிபோல் சுழலும் தளம். ஒரு முனையில் எரிபொருள் ஏறும். மறுமுனையில் சாம்பல் விழும்.
* முன்பின் அசையும் எரிதட்டு: தட்டுக்கள் மாறிமாறி அசைந்து எரிபொருளைப் புரட்டிவிடும். நகரக் குப்பைக்கு இது பெரிதும் பயன்படுகின்றது.
* அதிரும் எரிதட்டு: இடையிடையே அதிர்ந்து சாம்பல் பாளமாகாமல் உடைத்து நகர்த்தும். நீரால் குளிர்விக்கப்படும் இவ்வகைத் தட்டுக்கள் டென்மார்க்கில் வைக்கோல் எரிக்கும் நிலையங்களில் இடம்பெற்றுள்ளன.

எரிதட்டு உலைகளில் வளைவுகள் முக்கியமானவை. உலையின் முன்புறத்தில் தாழ்வாக அமைக்கப்படும் தீச்செங்கல் வளைவு, சுடரின் வெப்பத்தைப் புதிதாக வரும் எரிபொருள் மீது திருப்பி அதனைத் தீப்பற்றச் செய்கின்றது. பின்புற வளைவு, எரிந்து முடியும் பகுதியின் சூடான வாயுக்களை முன்னோக்கிச் செலுத்துகின்றது. ஈரமான எரிபொருளுக்கு நீண்ட வளைவும், எளிதில் பற்றும் எரிபொருளுக்குக் குறுகிய வளைவும் தேவை.

இன்றைய சர்க்கரை ஆலைகளில் பரவலாக உள்ளது தூவி எரிக்கும் முறையாகும். சக்கை காற்றின் உதவியால் உலையினுள் தூவப்படுகின்றது. நுண்ணிய துகள்கள் வெளியில் மிதந்தவாறே எரிந்துவிட, பெரிய துண்டுகள் எரிதட்டின் மீது மெல்லிய படலமாக விழுந்து எரிகின்றன. அடிக்காற்று முன்னரே சூடாக்கப்படுவதால் சக்கை விரைவில் உலர்கின்றது. தட்டுக்கு மேலே வேகமாகச் செலுத்தப்படும் மேற்காற்று வாயுக்களைக் கலக்கி எரித்து முடிக்கின்றது. படலம் மெல்லியதாக இருப்பதால் எரிபொருள் ஊட்டம் சில நிமிடங்கள் தடைப்பட்டாலும் தீ தளர்ந்துவிடும் என்பது இதன் குறையாகும்.

தூள் நிலக்கரி உலைகள்

நிலக்கரியை முகப்பூச்சு மாவு போல அரைத்து, காற்றுடன் உலையினுள் ஊதி எரிப்பது பெரிய அனல்மின் நிலையங்களின் முறையாகும். ஆயினும் பாதி நீராக உள்ள பழுப்பு நிலக்கரியை வழக்கமான அரைவைக் கருவிகளில் இட்டால் அது பசைபோல் ஒட்டிக்கொள்ளும். இதற்குத் தீர்வாக, உலையின் மேற்பகுதியிலிருந்தே ஏறத்தாழ 1,000 °செ வெப்பமுள்ள வாயுவை இழுத்து, அரைக்கும்போதே உலர்த்தும் விசிறிச் சம்மட்டி ஆலைகள் அமைக்கப்பட்டன. இவை ஒரே நேரத்தில் விசிறியாகவும் அரைவைக் கருவியாகவும் உலர்த்தியாகவும் செயற்படுகின்றன. அவ்வாயுவில் ஆக்சிசன் குறைவாக இருப்பதால், ஆலையினுள் தூள் தீப்பற்றும் இடரும் குறைகின்றது.

நீராவி மிகுதியால் வாயுவின் கன அளவும் கூடுவதால், பழுப்பு நிலக்கரி உலைகள் அதே திறனுள்ள சாதாரண நிலக்கரி உலைகளைவிட மிகப் பெரியவை. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் உள்ள உயர்ந்த கோபுரக் கொதிகலன்கள் இதற்கு எடுத்துக்காட்டாகும்.

ஆந்திரசைட்டுக்குக் கீழ்நோக்குச் சுடர் உலைகள் அமைக்கப்படுகின்றன. இவற்றில் தூள் மேலிருந்து கீழ்நோக்கி ஊதப்பட்டு, சுடர் வளைந்து மீண்டும் மேலெழுகின்றது. இதனால் துகள்கள் உலையில் தங்கும் நேரம் கூடுகின்றது. தீப்பற்றும் பகுதியில் நீர்க்குழாய்களின் மீது தீச்செங்கற்பூச்சு இட்டு வெப்பம் இழக்கப்படாமல் காக்கப்படுகின்றது.

சுழல் உலைகள்

சாம்பல் எளிதில் உருகும் நிலக்கரியில், அதனை உருகவிட்டே வெளியேற்றுவது ஒரு வழியாகும். அமெரிக்காவின் பாப்காக் அண்டு வில்காக்சு நிறுவனம் 1940களில் உருவாக்கிய சுழல் உலையில், நொறுக்கிய நிலக்கரியும் காற்றும் கிடையான உருளையினுள் சுழன்று எரிகின்றன. 1,600 °செக்கு மேற்பட்ட வெப்பத்தில் சாம்பல் உருகிச் சுவரில் கசடாகப் படிந்து வழிகின்றது. பெரிய கரித்துண்டுகள் அக்கசடில் ஒட்டிக்கொண்டு எரிந்து முடிகின்றன. உயர் வெப்பநிலையால் நைட்ரசன் ஆக்சைடுகள் மிகுதியாக உண்டாவதால், மாசுக் கட்டுப்பாடுகள் வந்த பின்னர் இவ்வகை உலைகள் செல்வாக்கிழந்தன.

பாய்மப் படுகை உலைகள்

மணற்படுகையொன்றின் அடியிலிருந்து காற்றைச் செலுத்தினால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் காற்றின் உந்துதல் மணலின் எடைக்குச் சமமாகிவிடும். அப்போது மணல் கொதிக்கும் நீர்போல் புரளத் தொடங்கும். இந்நிலையே பாய்மப் படுகை எனப்படுகின்றது. செருமானியரான பிரிட்சு விங்லர் 1920களில் பழுப்பு நிலக்கரியிலிருந்து எரிவாயு பெற இம்முறையைப் பயன்படுத்தினார். நீராவிக் கொதிகலன்களில் இதனைப் பயன்படுத்தும் முயற்சிகள் 1960களில் பிரித்தானியாவில் வலுப்பெற்றன.

இப்படுகையில் எந்நேரமும் எரிபொருளின் பங்கு சில விழுக்காடு மட்டுமே. எஞ்சியது சூடான மணலும் சாம்பலும் ஆகும். எனவே ஈரமான எரிபொருள் உள்ளே விழுந்தவுடன் பன்மடங்கு எடையுள்ள சூடான மணல் அதனைச் சூழ்ந்து உலர்த்தித் தீப்பற்றச் செய்கின்றது. தீச்செங்கல் வளைவு செய்த பணியை இங்கு மணல் செய்கின்றது. எரிபொருளின் தரம் சற்று மாறினாலும் மணலில் சேமிக்கப்பட்ட வெப்பம் தீயைக் காக்கின்றது.

பாய்மப் படுகை உலைகள் இரு வகைப்படும்:

* குமிழிப் படுகை: காற்றின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1 முதல் 3 மீட்டர். மணல் பெரும்பாலும் படுகையிலேயே தங்கும். சிறிய, நடுத்தரக் கொதிகலன்களுக்கு ஏற்றது.
* சுழற்சிப் படுகை: வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 6 மீட்டர். நுண்மணலும் எரியாத கரியும் வாயுவுடன் மேலேறி, சுழற்பிரிப்பானில் பிரிக்கப்பட்டு மீண்டும் அடிக்குத் திரும்பும். ஒரு கரித்துகள் முழுதும் எரியும்வரை பலமுறை சுற்றிவர இயலும்.

படுகையின் வெப்பநிலை வழக்கமாக 800 முதல் 900 °செ வரை வைக்கப்படுகின்றது. இதனால் பெரும்பாலான நிலக்கரிச் சாம்பல் உருகுவதில்லை. காற்றிலுள்ள நைட்ரசன் எரிந்து மாசாவதும் மிகக் குறைவு. மேலும் படுகையில் சுண்ணாம்புக்கல்லை இட்டால் அது சுட்ட சுண்ணாம்பாகி, கந்தக ஈராக்சைடுடன் வினைபுரிந்து கால்சியம் சல்பேட்டாகின்றது. இவ்வினைக்கு 850 °செ அளவே மிகவும் உகந்தது. ஆகவே கந்தகத்தை நீக்கத் தனி நிலையம் இன்றி உலையினுள்ளேயே அதன் பெரும்பகுதியைப் பிடித்துவிடலாம்.

சுழற்சிப் படுகைக் கொதிகலன்களின் அளவு படிப்படியாக வளர்ந்தது. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள நூக்லாவில் 110 மெகாவாட்டு நிலையம் இயங்கத் தொடங்கியது. 2009இல் போலந்தின் வகிசாவில் 460 மெகாவாட்டு அலகும், 2013இல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் உள்ள பைமாவில் 600 மெகாவாட்டு அலகும் இயக்கத்துக்கு வந்தன. எசுத்தோனியாவின் நார்வாவில் எண்ணெய்க் களிப்பாறையைத் தூளாக எரித்துவந்த பழைய கொதிகலன்கள் சில, 2000களின் நடுப்பகுதியில் சுழற்சிப் படுகைக் கொதிகலன்களால் மாற்றப்பட்டன. அக்களிப்பாறையிலேயே சுண்ணகம் மிகுந்திருப்பதால், அங்குக் கந்தகத்தைப் பிடிக்கச் சுண்ணாம்புக்கல்லைத் தனியே சேர்க்கவேண்டிய தேவை இல்லை.

பாய்மப் படுகையின் குறைகள்

பாய்மப் படுகை எதையும் எரிக்கும் எனச் சொல்லப்படுவதுண்டு. இது முற்றிலும் சரியன்று.

* பொட்டாசியம் மிகுந்த வைக்கோல் போன்றவை எரியும்போது, அது மணலின் சிலிக்காவுடன் சேர்ந்து தாழ்ந்த வெப்பநிலையில் உருகும் கண்ணாடிப் பொருளாகின்றது. மணற்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுகை அசைவற்றுப் போகும். படுகைப் பொருளை அடிக்கடி மாற்றுவதும், சிலிக்கா குறைந்த பொருளைப் பயன்படுத்துவதும் இதற்கான தீர்வுகளாகும்.
* விரைந்து சுழலும் மணல் குழாய்களையும் தீச்செங்கற்பூச்சையும் தேய்க்கின்றது.
* காற்றை உயர் அழுத்தத்தில் செலுத்தும் விசிறிகளுக்கு மின்சாரம் மிகுதியாகச் செலவாகின்றது.
* தாழ்ந்த வெப்பநிலையால் நைட்ரசு ஆக்சைடு எனப்படும் பைங்குடில் வாயு, தூள் நிலக்கரி உலையைவிடக் கூடுதலாக வெளிவருகின்றது.
* சுண்ணாம்பு கலந்த சாம்பல், வழக்கமான பறக்கும் சாம்பலைப் போலச் சிமெண்டுக்கு எளிதில் பயன்படுவதில்லை.

நெய்வேலி

தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி, ஒரே எரிபொருளுக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு உலைகள் அமைக்கப்பட்ட இடமாகும். சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் அமைக்கப்பட்ட முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962இல் இயங்கத் தொடங்கியது. 600 மெகாவாட்டுத் திறனை எட்டிய இந்நிலையம் 2020இல் மூடப்பட்டது. இரண்டாம் நிலையம் ஒவ்வொன்றும் 210 மெகாவாட்டுத் திறனுள்ள ஏழு அலகுகளைக் கொண்டு, மொத்தம் 1,470 மெகாவாட்டாக அமைந்தது. இவற்றில் நிலக்கரி தூளாக்கப்பட்டே எரிக்கப்பட்டது.

இரண்டாம் நிலையத்தின் விரிவாக்கத்தில் தலா 250 மெகாவாட்டுத் திறனுள்ள இரு அலகுகளுக்குச் சுழற்சிப் பாய்மப் படுகைக் கொதிகலன்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இவற்றைப் பாரத மிகுமின் நிறுவனம் வழங்கியது. இவ்வலகுகள் திட்டமிட்ட காலத்தைவிடப் பல ஆண்டுகள் தாழ்த்தி, 2015இலேயே வணிக உற்பத்தியைத் தொடங்கின. பின்னர் அமைக்கப்பட்ட, தலா 500 மெகாவாட்டுத் திறனுள்ள இரு அலகுகளைக் கொண்ட புதிய நிலையத்தில் மீண்டும் தூள் நிலக்கரி முறையே பின்பற்றப்பட்டது. ஓர் எரிபொருளுக்கு ஏற்ற உலை ஒன்றே என்று அறுதியிட இயலாது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. அளவு, செலவு, திறன், பராமரிப்பு ஆகிய அனைத்தும் தெரிவைத் தீர்மானிக்கின்றன.

பாதுகாப்பு

எரித்தற்கரிய எரிபொருட்களைக் கையாளும் உலைகளில் தீ நிலையற்றுப் போகும் வாய்ப்பு கூடுதல். ஆதலால் விபத்துக்கான வாய்ப்பும் கூடுதலாகும். முதன்மையான இடர்கள் பின்வருமாறு:

* சுடர் அணைதல்: ஈரமான எரிபொருளால் சுடர் அணைந்த பின்னும் தூள் உள்ளே சென்றுகொண்டிருந்தால், எரியாத தூளும் வாயுவும் உலையில் நிறையும். அந்நிலையில் மீண்டும் தீ மூட்டினால் வெடிப்பு நிகழும். இதனைத் தவிர்க்க, தீ மூட்டும் முன் உலையின் கன அளவைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு காற்றைச் செலுத்தி உள்ளிருப்பதை வெளியேற்றுவது விதியாகும். சுடர் அணைந்ததை உணரும் கருவிகள் எரிபொருளைத் தானாக நிறுத்த வேண்டும்.
* கிளிங்கர் விழுதல்: சுவரில் வளர்ந்த பெருங்கட்டி அடியிலுள்ள நீர்த்தொட்டியில் விழுந்தால், நீர் நொடியில் ஆவியாகி உலையின் அழுத்தம் திடீரென உயரும்.
* சாம்பல் அடைப்பு: அடைத்துக்கொண்ட சூடான சாம்பலை, உலை இயங்கும்போதே தொழிலாளர் கம்பியால் குத்தி அகற்றுவது மிகவும் இடரானது.
* தூள் தீப்பற்றல்: பழுப்பு நிலக்கரித் தூளும் மரத்தூளும் சேமிப்பிடத்திலும் ஏற்றுப்பட்டையிலும் தானாகக் கனன்று தீப்பற்றக்கூடும்.

உத்தரப் பிரதேசத்தின் இரேபரேலி மாவட்டத்தில் உள்ள உஞ்சாகார் அனல்மின் நிலையத்தின் 500 மெகாவாட்டு அலகில் 2017 நவம்பர் 1 அன்று நிகழ்ந்த விபத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலையின் அடிப்பகுதியில் சாம்பல் திரண்டிருந்த நிலையில், உள் அழுத்தம் உயர்ந்து சூடான வாயுவும் சாம்பலும் வெளிப்பாய்ந்ததாக அறிவிக்கப்பட்டது. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் கொதிகலன் பகுதிகளில் 2020 மே 7, சூலை 1 ஆகிய நாட்களில் நேர்ந்த விபத்துகளிலும் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். உலையருகே எந்நேரமும் ஆட்கள் பணிபுரிய வேண்டிய நிலையைக் குறைப்பதும், சாம்பலை மனிதர் தொடாமலே வெளியேற்றுவதும் வடிவமைப்பின் கடமைகளுள் அடங்கும்.

உமிச் சாம்பலில் வேறொரு தீங்கும் உண்டு. தாழ்ந்த வெப்பநிலையில் எரிந்த உமியின் சிலிக்கா படிக வடிவற்றது. அதனைச் சிமெண்டுடன் கலக்கலாம். ஆனால் மிகுந்த வெப்பத்தில் நெடுநேரம் எரிந்தால் அது படிகச் சிலிக்காவாக மாறுகின்றது. இத்தூசியைத் தொடர்ந்து சுவாசிப்போருக்குச் சிலிக்கோசிசு என்னும் நுரையீரல் நோய் உண்டாகும். எனவே உலையின் வெப்பநிலை, சாம்பலின் பயனையும் அதை அள்ளுவோரின் உடல்நலத்தையும் ஒருங்கே தீர்மானிக்கின்றது.

உலையைத் தெரிவு செய்தல்

ஓர் எரிபொருளுக்கு உலை அமைக்கும் முன் பொதுவாகப் பின்வரும் வினாக்களுக்கு விடை காணப்படுகின்றது:

1. ஈரம், சாம்பல், ஆவியாகும் பொருட்கள், நிலைக்கரிமம் ஆகியவற்றின் அளவு என்ன? ஆண்டின் எல்லாப் பருவங்களிலும் அவை அதே அளவில் இருக்குமா?
2. சாம்பல் எந்த வெப்பநிலையில் இளகும்? அதில் பொட்டாசியம், சோடியம், குளோரின் உள்ளனவா?
3. எரிபொருளை அரைக்க இயலுமா, அன்றி வந்தபடியே எரிக்க வேண்டுமா?
4. நீராவித் தேவை சீரானதா, அடிக்கடி மாறுவதா?
5. கந்தகம், நைட்ரசன் ஆகியவற்றால் உண்டாகும் மாசுகளுக்கு உள்ள வரம்புகள் யாவை?
6. சாம்பலை எங்கே, எவ்வாறு கொண்டுசெல்வது?

முதல் வினாவில் சராசரி அளவை மட்டும் கொண்டு வடிவமைப்பது பொதுவான பிழையாகும். மழைக்காலத்தில் நனைந்து வரும் எரிபொருளே உலையைச் சோதிப்பது. ஆகவே மிகத் தாழ்ந்த தரமுள்ள எரிபொருளிலும் தீ நிலைத்திருக்குமாறும், மிக உயர்ந்த தரமுள்ள எரிபொருளிலும் சாம்பல் உருகாதவாறும் உலை அமைக்கப்பட வேண்டும்.

சூழலியல் நோக்கு

விளைநிலக் கழிவுகளைத் திறந்தவெளியில் எரிப்பதைவிடத் தகுந்த உலையில் எரிப்பது புகையைப் பெரிதும் குறைப்பதுடன் பயனுள்ள வெப்பத்தையும் தருகின்றது. அதே நேரத்தில் ஈரம் மிகுந்த பழுப்பு நிலக்கரி, ஓர் அலகு மின்சாரத்துக்கு நல்ல நிலக்கரியைவிடக் கூடுதலான கார்பனீராக்சைடை வெளியிடுகின்றது. சிறந்த உலை எரியாத கரியையும் நச்சு வாயுக்களையும் குறைக்குமேயன்றி, எரிபொருளிலுள்ள கரிமம் காற்றில் சேர்வதைத் தடுப்பதில்லை. எரிபொருளை முன்கூட்டியே உலர்த்துதல், நீராவியின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் உயர்த்துதல் ஆகியவற்றால் இவ்வளவைக் குறைக்கலாம்.

இவற்றையும் பார்க்க

* கொதிகலன்
* எரிதல்
* பழுப்பு நிலக்கரி
* பாய்மவியல்
* அனல்மின் நிலையம்
* உயிரித்திரள்
* பறக்கும் சாம்பல்